பாட்டியின் பவுன் காசு ஏன் 8 கிராம் இல்லை?

கேள்வி இதுதான். பாட்டி விட்டுச்சென்ற பெட்டியில் நான்கு பவுன் காசுகள் இருந்தன. நகைக்கடையில் எடை போட்டபோது மூன்று காசுகள் 7.97, 7.96, 7.95 கிராம் காட்டின. சங்கிலியில் கோப்பதற்காக வளையம் வைத்த நான்காவது காசு 8.31 கிராம் இருந்தது. ஒரு பவுன் 8 கிராம் என்றால், பாட்டியை அந்தக் காலத்திலேயே யாரோ ஏமாற்றிவிட்டார்களா? இந்தக் காசுகளை உருக்கித் தங்கைக்குச் சங்கிலி செய்யலாமா? தோலா, குன்றிமணி என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அவற்றுக்கும் பவுனுக்கும் என்ன உறவு?

பாட்டியை யாரும் ஏமாற்றவில்லை. வளையம் இல்லாத மூன்று காசுகளின் எடையும் சரியாகத்தான் இருக்கிறது. ஐயப்பட வேண்டியது, 8 கிராமுக்கு மேல் காட்டும் அந்த நான்காவது காசைப் பற்றித்தான். கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளராக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒரு குழப்பத்தால் நம் குடும்பங்கள் இழக்கும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

பவுன், சவரன் இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே பிரிட்டன் வெளியிட்ட ஒரு பவுண்டு தங்கக் காசின் பெயர்கள். இன்று நாம் கையாளும் அளவில் அது 1817 முதல் அச்சடிக்கப்பட்டு வருகிறது. அதன் எடையை யாரும் கிராமில் திட்டமிடவில்லை. 20 டிராய் பவுண்டு (தங்கம், வெள்ளி நிறுக்கும் ஆங்கிலேய அளவு) எடையுள்ள 22 காரட் தங்கத்திலிருந்து 934 முழுக் காசும் ஓர் அரைக்காசும் வர வேண்டும் என்பதே நாணயச்சாலைக்கு இடப்பட்ட கட்டளை. அப்படி வகுத்தால் ஒரு காசுக்கு 123.274 கிரெயின் வரும்; கிரெயின் என்பது ஆங்கிலேயரின் மிகச் சிறிய எடை அலகு. இன்றைய கணக்கில் அது 7.988 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், ஒரு பங்கு செம்பு. ஆகவே ஒரு காசில் உள்ள சுத்தத் தங்கம் 7.322 கிராம். விட்டம் 22.05 மில்லிமீட்டர்.

அதாவது நாணயச்சாலையிலிருந்து புத்தம் புதிதாக வெளிவந்த காசே 8 கிராமுக்கு 12 மில்லிகிராம் குறைவு. அதன்பிறகு கைமாறிக் கைமாறி, துணியில் உரசி, மற்றக் காசுகளோடு மோதி அது தேய்கிறது. இந்தத் தேய்மானத்தையும் பிரிட்டன் சட்டத்திலேயே கணக்கில் வைத்திருந்தது. 122.5 கிரெயின், அதாவது 7.938 கிராமுக்குக் கீழே போனால்தான் அந்தக் காசு செல்லாது. பாட்டியின் மூன்று காசுகளும் அந்த வரம்புக்கு மேலேதான் இருக்கின்றன. புழங்கிய காசு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கின்றன.

அப்படியானால் இந்த 8 கிராம் எங்கிருந்து வந்தது? 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தின்படி இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியது. 1958இல் தொடங்கிப் படிப்படியாகச் சேரும் வீசையும் தோலாவும் வணிகத்திலிருந்து விலக்கப்பட்டு, கிராமும் கிலோவும் மட்டுமே சட்டப்படி செல்லும் என்றாயிற்று. வீசையை மக்கள் மெல்ல மறந்தார்கள். பவுனை மட்டும் யாராலும் மறக்கடிக்க முடியவில்லை. 7.988 என்று வாயால் கணக்குப் போட முடியாது. 8 என்றால் முடியும். அரைப் பவுன் 4 கிராம், கால் பவுன் 2 கிராம் என்று அழகாகப் பிரியும். கடைக்காரருக்கும் வசதி, வாங்குபவருக்கும் வசதி. இப்படித்தான் காசாக இருந்த பவுன் வெறும் எடையாக மாறியது. கேரளத்தில் பவன் என்பதும் இதே 8 கிராம்தான். இலங்கையிலும் செய்திகளில் ‘22 கரட் தங்கப் பவுண் ஒன்றின் விலை’ என்று வருவது இதே 8 கிராமைத்தான்.

வடக்கே பவுன் வழக்கில் இல்லை. அங்கே தோலா. 1833இல் கிழக்கிந்திய கம்பெனி வெள்ளி ரூபாயின் எடையை 180 கிரெயின் என்று நிலைப்படுத்தி, அதையே ஒரு தோலா என்று வைத்தது. 11.664 கிராம் என்பது அதன் சரியான அளவு. வளைகுடாவிலிருந்து கடத்திவரப்பட்டதாகச் செய்திகளில் படித்த ‘தங்க பிஸ்கட்’ பெரும்பாலும் 10 தோலா எடையுள்ளது, அதாவது 116.64 கிராம். ஆனால் சில்லறை வணிகத்தில் இன்று பல இடங்களில் 10 கிராமையே ஒரு தோலா என்று பேசிக்கொள்கிறார்கள். ஆகவே வட இந்திய உறவினர் ‘5 தோலா’ என்று சொன்னால் எந்தத் தோலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 58 கிராமா 50 கிராமா என்பதில் ஒரு பவுன் வித்தியாசம் வந்துவிடும்.

இனி குன்றிமணி. வேலியோரக் கொடியில் காய்க்கும், சிவப்பு உடம்பும் கறுப்பு மூக்கும் கொண்ட அந்த விதைதான் நம் பொற்கொல்லர்களின் தொன்மையான எடைக்கல். ஒரு விதை ஏறத்தாழ 0.12 கிராம். வடக்கே இதையே ரத்தி என்பார்கள். 8 ரத்தி ஒரு மாஷா, 12 மாஷா ஒரு தோலா. தமிழ்நாட்டுக் கணக்கில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. சித்த மருத்துவத்தில் கழஞ்சு இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே அதை 5.1 கிராம் என்று கொள்கிறார்கள். ஒரு பவுன் காசை எடுத்துக்கொண்டால் சுமார் 65 குன்றிமணி வரும். வளையமில்லாத அந்த மூன்று காசுகளின் மொத்த எடை 23.88 கிராம், மூன்று பவுனுக்கு 24 கிராம். குறைவது 0.12 கிராம். இவ்வளவு கவலைக்கும் காரணமான அந்தக் குறை ஒரே ஒரு குன்றிமணி.

விதை விதைக்கு எடை மாறும் என்பது நம் முன்னோருக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் அரசுகளும் கோயில்களும் பெயர் சூட்டிய எடைக்கற்களை வைத்திருந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் இது விளங்கும். முதலாம் இராசராசன் கொடுத்த பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது; மணிகள் பதித்த நகைகள் ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. இன்ன நகை, இத்தனை கழஞ்சு, இத்தனை மஞ்சாடி, இத்தனை குன்றி, எந்தக் கல்லால் நிறுத்தது என்று ஒவ்வொன்றும் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கணக்கின் நேர்மையை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமிதமாக இருக்கிறது.

அந்தக் காலக் கல்வெட்டுகளில் இன்னொன்றும் உண்டு. பல இடங்களில் எடையோடு பொன்னின் தரத்தையும் சேர்த்தே எழுதினார்கள். நெருப்பிலிட்டுச் சோதித்த பொன்னைத் ‘தீப்போக்குச் செம்பொன்’ என்றார்கள். இத்தனை மாற்றுப் பொன் என்று மாற்றையும் குறித்தார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றைக்கும் நாம் சொல்வது அந்தக் கணக்கின் எச்சம். எடை மட்டும் சொன்னால் தங்கத்தைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பவுன் காசின் பெருமையும் இதுதான். அதில் எடையும் தரமும் ஒன்றாகவே அச்சாகியிருந்தன. தராசும் உரைகல்லும் இல்லாத ஒரு விவசாயி அந்த அச்சைப் பார்த்தே இது 22 காரட், இவ்வளவு எடை என்று நம்பி வாங்க முடிந்தது. பவுன் வெறும் 8 கிராமாக மாறியபோது எடை நம்மிடம் தங்கிவிட்டது. தரம் கழன்று போய்விட்டது. பவுன் என்ற பேச்சில் நடக்கும் ஏமாற்றங்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. நான் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் கண்டது இது.

ஓர் எடுத்துக்காட்டு. ஹால்மார்க் முத்திரைக்கு முந்தைய காலத்து நகைகள் பல 85, 86 டச் அளவில்தான், அதாவது நூற்றுக்கு 85, 86 பங்கு தங்கம் என்ற தரத்தில்தான் நிற்கும். பத்துப் பவுன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கும் 80 கிராம் நகை 85 விழுக்காடு தரம் என்றால், அதில் சுத்தத் தங்கம் 68 கிராம். 22 காரட்டுக்கு மாற்றினால் 74 கிராம் சொச்சம், அதாவது ஒன்பதேகால் பவுன். அதிலும் பழைய உள்கூடு வளையல் என்றால் உள்ளே அரக்கு இருக்கும். கல் வைத்த அட்டிகை என்றால் கல் எடையும் மெழுகும் கழியும். வங்கிகளும் இப்படித்தான் மதிப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருந்தது: கல் நீங்கலான நிகர எடை, 22 காரட்டுக்குக் குறைந்த தரம் என்றால் 22 காரட்டுக்கு ஈடாக மாற்றிய எடை. பத்துப் பவுன் கொண்டுவந்தேன், எட்டரைப் பவுன் என்று எழுதுகிறாரே என்று என் எதிரே கண்கலங்கியவர்கள் பலர். நகையை யாரும் எடுத்துவிடவில்லை. முப்பது வருடங்களுக்கு முன் வாங்கும்போதே இல்லாத தங்கம் அது.

செய்தித்தாளில் தினமும் வரும் ‘ஆபரணத் தங்கம் சவரனுக்கு இவ்வளவு’ என்ற விலை 22 காரட் 8 கிராமின் விலை. 24 காரட் காசு வாங்கினால் அதே 8 கிராமுக்கு விலை வேறு. 18 காரட்டில் வைர நகை வாங்கினால் அதுவும் வேறு. ஆகவே ‘2 பவுன்’ என்று மட்டும் யார் சொன்னாலும், என்ன காரட் என்ற கேள்வி உடனே வர வேண்டும். 2021 ஜூனில் நாட்டின் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் மேலும் மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. இப்போது ஹால்மார்க் இடும் ஒவ்வொரு நகையிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, 22கே916 போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கைபேசிச் செயலியில் போட்டுப் பார்க்கலாம். 916 என்பது வேறொன்றும் இல்லை, 22ஐ 24ஆல் வகுத்தால் வரும் 0.9166தான். பாட்டியின் காசிலும் அதே பன்னிரண்டில் பதினொன்றுதான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு காசுக்கு வைத்த தரம் இன்றும் நம் நகைக்கடைகளில் அப்படியே ஆட்சி செய்கிறது.

பில்லில் பவுன் எப்படிக் கரைகிறது என்பதையும் பார்த்துவிடலாம். 24 கிராம் சங்கிலி, சேதாரம் 12 விழுக்காடு என்றால், 2.88 கிராம் சேர்த்து 26.88 கிராமுக்கு விலை போடுவார்கள். அதாவது மூன்று பவுன் சங்கிலிக்கு மூன்றேகால் பவுனுக்கும் மேலான விலை. அதன்மேல் 3 விழுக்காடு ஜிஎஸ்டி. மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்தால் 24 கிராமுக்குத்தான் பணம். சேதாரம் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. கம்பி இழுக்கும்போதும் ராவும்போதும் மெருகிடும்போதும் தங்கம் இழப்பது உண்மை. நுண்வேலைக்குக் கூலியும் உண்டு. ஆனால் ‘மூன்று பவுன் சங்கிலி வாங்கினோம்’ என்று சொல்லும்போது, கொடுத்தது மூன்று பவுனுக்கான பணம் அல்ல என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் காசு நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது? 1864இல் அரசுக் கருவூலங்கள் இந்தக் காசைப் பத்து ரூபாய்க்கு ஏற்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. 1893இல் வெள்ளியை யார் கொடுத்தாலும் ரூபாயாக அடித்துத் தரும் வழக்கம் நிறுத்தப்பட்டு, பவுன் காசுக்கு 15 ரூபாய் என்று மதிப்பு வைத்தார்கள். 1899இல் அது அதே 15 ரூபாய்க்குச் சட்டப்படி செல்லும் காசாகவே ஆனது. நெல்லோ நிலக்கடலையோ பருத்தியோ விற்றவர் கையில் பவுன் காசு வந்தது. வந்த காசு செலவாகாமல் பெட்டிக்குள் போனது. வெள்ளியின் விலை சரிந்துகொண்டே போன அந்த ஆண்டுகளில் தங்கத்தைப் பதுக்கியது பேராசை அல்ல, அறிவு என்றே நான் நினைக்கிறேன். காசுகளை வளையமிட்டுக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ராஜா தலைக் காசு, ராணி தலைக் காசு என்று தலையைப் பார்த்துப் பெயரிட்டார்கள். 1927இல் ரூபாயின் மதிப்பு 18 பென்ஸ் என்று மாற்றப்பட்டபோது பவுன் காசு செல்லும் பணம் என்ற தகுதியை இழந்தது. அதனால் அதன் மதிப்பு வீட்டில் குறையவில்லை.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தின் பிடியிலிருந்து பவுண்டை விடுவித்தது. ரூபாயில் தங்கத்தின் விலை ஏறியது. அதே நேரத்தில் உலகப் பெருமந்தத்தால் விளைபொருள் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. வரி கட்டவும் வட்டி கட்டவும் வழியில்லாத குடியானவர்கள் பெட்டியைத் திறந்தார்கள். இந்தியாவிலிருந்து தங்கம் கப்பல் கப்பலாக வெளியேறிய காலம் அது. அந்த வெள்ளத்திலும் அடித்துச் செல்லப்படாமல் ஒரு குடும்பத்தில் நான்கு காசுகள் மிஞ்சியிருக்கின்றன என்றால், அவற்றைக் காப்பாற்றியவர்கள் எவ்வளவு நெருக்கடியில் காப்பாற்றியிருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு 1963இல் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். ஆயிரக்கணக்கான பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டறையை மூடின, தற்கொலைகளும் நடந்தன. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டித் தங்கத்தைத் தனியார் வைத்திருக்கத் தடை விதித்தது. 1990இல்தான் அது நீக்கப்பட்டது. காசும் கட்டியும் ஒதுங்கி, நகை ஒன்றே சேமிப்பு என்று ஆனது அந்த இடைக்காலத்தில்தான் என்பது என் கணிப்பு.

அரசும் பவுனை விடவில்லை. சட்டம் கிராம்தான் பேசும். ஆனால் மக்களிடம் பேச வேண்டும் என்றால் பவுன் தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011 முதல் தாலிக்கு 4 கிராம் தங்கம் கொடுத்தார்கள். 2016இல் அதை 8 கிராம் ஆக்கினார்கள். அரைப் பவுன், ஒரு பவுன் என்பதைத்தான் கிராமில் எழுதியிருக்கிறார்கள். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவித்தபோது, அதன் பொருள் 40 கிராம்.

யாழ்ப்பாணத்தில் பவுனின் இடம் இன்னும் ஆழமானது. அங்கே திருமணத்துக்கு முன் பொன்னுருக்கல் என்று ஒரு சடங்கே உண்டு. நல்ல நேரம் பார்த்துத் தாலிக்கான தங்கத்தை உறவினர் முன்னிலையில் உருக்குவார்கள். தாலிக்கொடி ஒற்றைப்படைப் பவுனில் அமைய வேண்டும் என்று பார்ப்பார்கள். எடை அங்கே கணக்கு மட்டுமல்ல, மங்கலமும்கூட.

திருமணம் என்று வந்துவிட்டதால் மனத்தில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘எத்தனை பவுன் போடுகிறீர்கள்?’ என்ற கேள்வி நம் ஊரில் இன்னும் கூசாமல் கேட்கப்படுகிறது. 1961ஆம் ஆண்டே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ரூபாயில் கேட்டால் வரதட்சணை என்று காதில் விழும். பவுனில் கேட்டால் பெண்ணுக்குச் செய்வது என்று ஆகிவிடுகிறது. அந்த மறைப்புக்கு இந்த எடை உதவுவது எனக்குப் பெரிய வருத்தம். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரூபாயில் பேசினால் தொகை அன்றோடு நின்றுவிடும். பவுனில் பேசினால், நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே ஏறும் விலை முழுவதும் பெண் வீட்டாரின் தலையில் விழும். 30 பவுன் என்று ஒப்புக்கொண்ட ஒரு தந்தை, ஆறு மாதம் கழித்து அதை வாங்கப் போகும்போது வேறொரு தொகைக்குக் கடன்காரராகிறார். அவர்களில் பலர் என்னிடம்தான் அடகு வைக்க வந்தார்கள்.

பெண்ணுக்கு என்று உண்மையாகவே அன்போடு நகை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள், பவுனில் பேசினாலும் கிராமில் எழுதுங்கள். அந்த நகை பெண்ணின் தனிச்சொத்து. கணவனும் அவன் வீட்டாரும் அதைக் கையில் வைத்திருந்தாலும் உரிமையாளர்கள் அல்லர் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. திருமணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும் என்று அதே ஆண்டு மத்திய அரசின் விதியும் வந்தது. யாரும் எழுதுவதில்லை. பின்னால் உறவு முறிந்து வழக்கு என்று வந்தால், ஒருவர் 50 பவுன் என்பார், மற்றவர் 20 பவுன் என்பார். இரண்டுக்கும் காகிதம் இருக்காது. நகையின் பெயர், மொத்த எடை, கல் நீங்கிய எடை, காரட், அடையாள எண், பில் எண், ஒரு படம் இவை போதும். ஒரு மாலை நேர வேலை. கல்லில் வெட்டிவைத்த சமூகம் நாம். ஒரு தாளில் எழுதத் தயங்கக் கூடாது.

வருமான வரி பற்றியும் ஒரு வரி. சோதனையின்போது திருமணமான பெண்ணிடம் 500 கிராம், மணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரையிலான நகைகளைக் கைப்பற்ற வேண்டாம் என்று 1994இல் வரித்துறை அறிவுறுத்தியிருக்கிறது. பவுனில் 62.5, 31.25, 12.5. இதை ‘வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட வரம்பு’ என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வாங்கிய பணத்துக்குக் கணக்கு இருந்தால் இதற்கு மேலும் வைத்திருக்கலாம்.

இனி நான்காவது காசு. 8.31 கிராமில் காசின் பங்கு அதிகம் போனால் 7.98 இருக்கும். மீதி வளையமும் அதைப் பற்றவைத்த பொடியும். பொடி வைத்து ஊதும்போது சேர்வது தரம் குறைந்த தங்கம். அதற்கு 22 காரட் விலை கிடைக்காது. இன்னொரு வாய்ப்பையும் பார்க்க வேண்டும். காசுமாலைக்காக உள்ளூரிலேயே அச்சு வெட்டி அடித்த போலிப் பவுன்களும் புழங்கின. அவற்றில் தங்கம் இருக்கும், தரம் இருக்காது. விட்டத்தை அளந்து பாருங்கள். 22 மில்லிமீட்டருக்கு ஒட்டி இருக்க வேண்டும். காசின் பின்புறத்தில் உள்ள குதிரை வீரனின் உருவக் கோடுகள் மழுங்கலாகவோ, விளிம்பின் வரிப்பற்கள் சீரில்லாமலோ இருந்தால் ஹால்மார்க் மையத்தில் இயந்திரத்தில் வைத்துத் தரம் பார்க்கச் சொல்லுங்கள். காசைக் கீறவோ வெட்டவோ தேவையில்லை. யாராவது உரைகல்லில் தேய்க்கக் கேட்டால் வளையத்தைத் தேய்க்கச் சொல்லாதீர்கள். அதன் தரம் வேறு, காசின் தரம் வேறு.

உருக்கலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. உருக்கினால் 22 காரட் தங்கம் மட்டும் மிஞ்சும். அதிலும் சேதாரம் கழிந்து, 31 சொச்சம் கிராம் கொடுத்து, அதே எடைச் சங்கிலி வேண்டுமென்றால் கையிலிருந்து பணம் சேர்க்க வேண்டியிருக்கும். உருக்காவிட்டால் தங்கத்தின் விலை எப்போதும் இருக்கவே இருக்கிறது. அதற்கு மேல் காசுக்கென்று ஒரு விலை கிடைக்கவும் கூடும். அதனால் முதலில் ஒவ்வொரு காசின் ஆண்டையும் பாருங்கள். குதிரையின் காலடியில், ஆண்டுக்குச் சற்று மேலே தரைக்கோட்டில் ஒரு சிறு ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடுங்கள். ‘எஸ்’ என்றால் சிட்னி, ‘எம்’ என்றால் மெல்போர்ன், ‘பி’ என்றால் பெர்த், ‘சி’ என்றால் ஒட்டாவா. எழுத்தே இல்லை என்றால் பெரும்பாலும் லண்டன். ‘ஐ’ என்ற எழுத்தும் 1918 என்ற ஆண்டும் சேர்ந்திருந்தால் அது முதல் உலகப் போரின்போது பம்பாயில் அடித்த காசு. அந்த ஓர் ஆண்டின் அச்சில் சுமார் 13 லட்சம் காசுகள்தான் அடிக்கப்பட்டன. வீரன் இல்லாமல் கேடயம் பொறித்த விக்டோரியா காசு என்றால் எழுத்தைக் கேடயத்தின் கீழே தேடுங்கள்.

காசுகளைச் சோப்பிட்டுத் தேய்க்காதீர்கள், மெருகும் கொடுக்காதீர்கள். மெருகிட்ட காசைச் சேகரிப்பவர்கள் வாங்கத் தயங்குவார்கள், தேய்ப்பில் தங்கமும் போகும். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, உறைமேல் ஆண்டு, எழுத்து, எடை, பாட்டியின் பெயர் நான்கையும் எழுதிவையுங்கள். தங்கைக்குச் சங்கிலி வேண்டும் என்றால் வளையம் வைத்த அந்தக் காசு அசலாக இருக்கும் பட்சத்தில், அதை உருக்காமல் அப்படியே ஒரு மெல்லிய சங்கிலியில் பதக்கமாகக் கோத்துக் கொடுங்கள். சங்கிலியை வாங்கும்போது எத்தனை பவுன் என்று கேட்காதீர்கள். எத்தனை கிராம், என்ன காரட், சேதாரம் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள்.